இரண்டாவது சிகரெட்

கார்த்திகை முதல் தேதி விடியற்காலையில் குளித்துவிட்டுக் கோயிலில் மாலை போட்டுக்கொள்கிறவர்களில், நாளொன்றுக்குப் பத்து பதினைந்து சிகரெட் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நேற்று வரை டீக்கடை வாசலில் தம்மும் கையுமாக நின்றவர், இன்று கறுப்பு வேட்டியில் அதே கடைக்கு வருகிறார். “சாமிக்கு ஒரு டீ” என்கிறார் மாஸ்டர். பக்கத்தில் புகைத்துக்கொண்டிருப்பவர்கள் கையைக் கொஞ்சம் மறைத்துக்கொள்கிறார்கள். “ஒண்ணு போடு மாப்ள” என்று யாரும் நீட்டுவதில்லை. நாற்பத்தொரு நாள், சுருக்கமாக முடித்துக்கொள்கிறவர்களுக்கு அதில் கொஞ்சம் குறைவாக, புகை உள்ளே போகாமலே கழிகிறது. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே அவர்களில் பலர் பெட்டிக்கடை ஓரம் தொங்கும் புகையும் கயிற்றில் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நிற்பதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

ஊர் இதற்கு ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறது. “நாப்பது நாள் இருக்கத் தெரிஞ்சவனுக்கு நாலு வருஷம் இருக்கத் தெரியாதா? மனசு வைக்கல, அவ்வளவுதான்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் புகைப்பழக்கத்தை ஆராய்கிறவர்களுக்கு இந்த நாற்பத்தொரு நாள் ஒரு சுவாரஸ்யமான சிக்கல். உடம்புக் கணக்குப்படி பார்த்தால், அந்த மனிதர் கடினமான கட்டத்தைத் தாண்டிவிட்டவர்.

கணக்கு இதுதான். ஓர் இழுப்பில் உள்ளே போகும் நிகோடின், நுரையீரலிலிருந்து ரத்தத்தில் ஏறி இருபது விநாடிக்குள் மூளையை எட்டிவிடுகிறது. அசிடைல்கோலின் என்ற இயற்கையான செய்திப்பொருளுக்காக அங்கே இருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதன் விளைவாக டோபமின் சுரக்கிறது. இது வருஷக்கணக்கில் தினமும் பலமுறை நடக்கும்போது, மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையையே கூட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் இருக்கும் நிகோடின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். அதனால்தான் இரவு முழுக்கத் தூங்கி எழுந்தவருக்குக் காலை முதல் சிகரெட்டில் அப்படி ஒரு ருசி. நிறுத்திவிட்டால் எரிச்சல், தூக்கக் கோளாறு, எதிலும் மனம் நிற்காத தவிப்பு, அகோரப் பசி. இவை முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். யேல் பல்கலைக்கழகத்தில் கெல்லி காஸ்குரோவ் குழு 2009இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வில், கூடிப்போன ஏற்பிகள் முதல் மாதம் அப்படியே இருந்து, ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் புகைக்காதவர்களின் அளவுக்கு இறங்கிவிட்டன.

நாற்பத்தொரு நாள் என்பது கிட்டத்தட்ட ஆறு வாரம். தவிப்பு அடங்கியாயிற்று. ஏற்பிகளும் இறங்கிக்கொண்டிருக்கின்றன. அப்புறம் எதற்காகக் கை கயிற்றை நோக்கிப் போகிறது?

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் ரூவன் டார் இதே கேள்வியை வேறு இரண்டு இடங்களில் வைத்துப் பார்த்தார். முதலாவது, சபாத் நாளில் நெருப்பு மூட்டக் கூடாது என்ற விதியைக் கடைப்பிடிக்கும் வைதிக யூதர்கள். வாரத்தில் ஆறு நாள் நன்றாகப் புகைத்துவிட்டு ஏழாம் நாள் தொடாமல் இருக்கிறவர்கள். அவர்களைச் சாதாரண வேலை நாளில் வலிய நிறுத்தச் சொன்னபோது ஏற்பட்ட தவிப்பு, சபாத் அன்று அந்த அளவுக்கு இல்லை. இத்தனைக்கும் நிகோடின் இல்லாத நேரம் குறைந்துவிடவில்லை. இரண்டாவது ஆய்வு இன்னும் அழகானது. விமானப் பணியாளர்களில் புகைக்கிறவர்களை எடுத்துக்கொண்டார்கள். மூன்று முதல் ஐந்தரை மணி நேரம் பறக்கும் ஐரோப்பியப் பயணம் ஒன்று, எட்டு முதல் பதின்மூன்று மணி நேரம் பறக்கும் நீண்ட பயணம் ஒன்று. இரண்டிலும் இடையிடையே ‘இப்போது எவ்வளவு ஆசையாக இருக்கிறது’ என்று குறிக்கச் சொன்னார்கள். ஆசை ரத்தத்து நிகோடினைப் பொறுத்தது என்றால், எந்த விமானமானாலும் நான்காவது மணி நேரத்தில் ஒரே அளவு இருக்க வேண்டும். இல்லை. விமானம் இறங்கப் போகிற நேரத்தை ஒட்டித்தான் ஆசை ஏறியது. குறுகிய பயணத்தின் முடிவில் அது உச்சத்தில் இருந்தபோது, நீண்ட பயணத்தில் அதே அளவு நேரம் புகைக்காமல் இருந்தவர்கள் ஓரளவு நிம்மதியாகவே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஆய்வு வெளியானது 2010இல்.

மாலைக்கும் இதையே பொருத்திப் பார்க்கலாம். கழுத்தில் துளசிமணி இருக்கிறவரை ‘பிடிக்கலாமா’ என்ற கேள்வியே எழுவதில்லை. கேள்வி இல்லாததால் போராட்டமும் குறைவு. கழற்றிய நிமிஷம் விமானம் தரையில் இறங்கிவிட்டது. விரதம் அவருக்கு எல்லாவற்றையும் கொடுத்தது: உடை, பெயர், மரியாதை, நீட்டாத நண்பர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருப்பியும் வாங்கிக்கொண்டது. அவர் சிகரெட்டை விட்டார் என்பதைவிட, அவரைச் சுற்றியிருந்த உலகம் நாற்பத்தொரு நாளைக்கு மாறிக்கொண்டது என்பதே சரி.

இன்னொரு விஷயமும் உண்டு. கொஞ்சம் கசப்பானது. சிகாகோவில் கிலிண்டர் பெடி குழு நடத்தி 2011இல் வெளிவந்த ஆய்வில், புகைக்கிறவர்களுக்குப் பணம் கொடுத்து ஏழு, பதினான்கு, முப்பத்தைந்து நாள்கள் நிறுத்தி வைத்தார்கள். பொதுவான ஆசை நாளாக நாளாகக் குறைந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் சிகரெட் தொடர்பான பொருள்களைக் கண்ணெதிரே காட்டும்போது சட்டென்று எழும் ஆசை, முப்பத்தைந்தாம் நாளில் ஏழாம் நாளைவிட அதிகமாக இருந்தது. விட்டு ஒரு மாதம் ஆனவர் ‘எனக்கு இப்ப நினைப்பே வர்றதில்ல’ என்று சொல்வது பொய்யல்ல. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது வருவதில்லை. டீக்கடைப் பெஞ்சில் வருகிறது, முன்னைவிட வேகமாக.

ஆக, திரும்ப விழுவது அபூர்வமல்ல. மனசில்லாதவர்களுக்கு மட்டும் நடப்பதுமல்ல. அமெரிக்காவில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹியூஸ், எந்த உதவியும் இல்லாமல் தாமாக நிறுத்துகிறவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தார். பெரும்பாலோர் முதல் எட்டு நாளுக்குள் திரும்பிவிடுகிறார்கள். ஆறு மாதம், ஓராண்டு தாண்டி நிற்பவர்கள் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர். கனடாவின் ஒண்டாரியோவில் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட புகைப்பிடிப்பவர்களின் தரவை வைத்து 2016இல் வெளியான ஒரு கணிப்பு, ஒருவர் வெற்றிகரமாக விட முப்பதுக்கும் மேற்பட்ட முயற்சிகள் ஆகலாம் என்றது. கணக்குப் போடும் முறையை மாற்றினால் அது ஆறு ஏழாகவும் குறையும், நூறைத் தாண்டியும் போகும். அதனால் அந்த எண்ணை யாரும் இலக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அதில் பிடித்தது வேறு: மூன்று முறை விட்டுப் பார்த்துத் தோற்றவர், அந்தக் கணக்கில் இன்னும் ஆரம்பக் கட்டத்தில்தான் இருக்கிறார்.

இனி இந்த அத்தியாயத்தின் விஷயத்துக்கு வருவோம். விட்டவர் ஒருநாள் ஒன்று பிடித்துவிடுகிறார். அதற்கு அடுத்த சில மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் ஆலன் மார்லட், குடிநோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தபோது இந்தக் கேள்வியைப் பிடித்தார். அதுவரை கணக்கு இரண்டு கட்டத்தில் இருந்தது. ஒருவர் விட்டவர் அல்லது விடாதவர். ஒரு மடக்கு உள்ளே போனால் முதல் கட்டத்திலிருந்து இரண்டாவதற்குத் தள்ளிவிடுவார்கள். மார்லட் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது என்றார். சறுக்கல் ஒரு சம்பவம். பழையபடி முழுதாகத் திரும்புவது அதற்குப் பின்னால் நடக்கிற தொடர்கதை. ஒன்று மற்றொன்றாக மாறியே ஆக வேண்டும் என்று விதி கிடையாது. மாற்றுவதில் பெரும்பங்கு சறுக்கியவர் தனக்குள் சொல்லிக்கொள்கிற விளக்கத்துக்கு உண்டு என்பது அவர் வாதம். ‘நான் ஒரு விதி வைத்தேன், உடைத்துவிட்டேன், என்னால் முடியாது என்பது தெரிந்துவிட்டது, இனி ஒன்று என்ன, பத்து என்ன.’ ஜூடித் கார்டனுடன் சேர்ந்து 1985இல் அவர் கொண்டுவந்த நூல், போதைப் பழக்கச் சிகிச்சையின் போக்கையே திருப்பியது.

நம் பேச்சுவழக்கில் இந்த மனநிலைக்கு ஒரே சொல் போதும்: “போச்சு.” பைக்கின் ஒரு டயர் பஞ்சரானதற்காக இன்னொரு டயரிலும் ஆணி அடிக்கிறவர் யாரும் இல்லை. சிகரெட்டில் மட்டும் அதைச் செய்கிறோம்.

மார்லட்டின் கருத்து அழகானது என்பதற்காக உண்மையாகிவிடாது. சோதிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு மாதம் கழித்து ஆளைக் கூப்பிட்டு ‘அன்றைக்கு என்ன நினைத்தீர்கள்’ என்று கேட்டால், நடந்து முடிந்த கதைக்குத் தகுந்தாற்போலத்தான் நினைவு வரும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் சால் ஷிஃப்மன் 1990களில் விடுகிறவர்களின் கையில் சிறிய கைக்கணினிகளைக் கொடுத்தார். செல்போன் பரவாத காலம். ஆசை கிளம்பினாலோ சறுக்கிவிட்டாலோ அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே பதிய வேண்டும். எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் யார், மனநிலை எப்படி, மது குடித்தீர்களா, சிகரெட் எப்படிக் கிடைத்தது.

சறுக்கிய இடங்களின் படம் அதில் தெளிவாக விழுந்தது. பக்கத்தில் யாரோ புகைத்துக்கொண்டிருக்கிறார். சிகரெட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மனம் கலங்கியிருக்கிறது, அல்லது கிளாசில் மது இருக்கிறது. குற்ற உணர்ச்சி விஷயத்தில் மட்டும் தரவு மார்லட் சொன்ன வழியில் முழுதாகப் போகவில்லை. சறுக்கியதற்காக வருந்துவது தன்னளவில் ஆளைக் கீழே இழுத்துவிடவில்லை. இழுத்தது ‘இனி விட்டுத்தள்ளலாம்’ என்ற உணர்வும், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை சரிவதும்தான். வருத்தப்பட்டுக்கொண்டே மேலே முயல்கிறவர் தப்பிக்கிறார். சந்தோஷமாக முயற்சியைக் கைவிட்டவர் திரும்பிப் போகிறார். இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் ‘உங்களை நீங்களே மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று இனிக்க இனிக்கச் சொல்கிற சுயமுன்னேற்றப் புத்தகங்கள் பிடித்துக்கொண்டிருப்பது வேறு நுனியை.

ஷிஃப்மன் அதற்கு முன்பே, விட்டவர்கள் நெருக்கடியில் கூப்பிடுவதற்கான ஒரு தொலைபேசி உதவியில் வந்த அழைப்புகளை ஆராய்ந்திருந்தார். அழைத்தவர்கள் அந்த நேரத்தில் ஆசையை எதிர்க்க என்ன செய்தார்கள் என்று பார்த்தார். எழுந்து வெளியே போனவர், ஏதாவது தின்றவர், மூச்சை ஆழமாக இழுத்து விட்டவர், உடம்பைப் பற்றி நினைத்தவர், யாரையாவது கூப்பிட்டுப் பேசியவர். ஏதோ ஒன்றைச் செய்தவர்கள் சும்மா இருந்தவர்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தார்கள். பயன்படாமல் போனவை இரண்டு. தன்னையே திட்டிக்கொள்வது ஒன்று. ‘மன உறுதியோடு இருக்கணும்’ என்று சொல்லிக்கொள்வது மற்றொன்று. ஊர்த் தீர்ப்பு பரிந்துரைக்கிற இரண்டு மருந்துகளும் அவைதான்.

ஷிஃப்மன் பின்னாளில் நிகோடின் மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்கு ஆலோசகராகவும் இருந்தவர். மருந்தைப் பற்றி அவர் சொல்வதைப் படிக்கும்போது இதையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி அந்த ஒற்றைச் சிகரெட். ‘ஒண்ணே ஒண்ணுதானே’ என்பது ‘போச்சு’ என்பதன் இரட்டைப் பிள்ளை. இரண்டுமே தவறு. லாஸ் ஏஞ்சலஸில் ஆர்தர் பிராடி குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், புகைக்கிறவர்களைப் பெட் ஸ்கேனில் வைத்து, ஓரிரு இழுப்பு இழுத்தாலே மூளையின் முக்கிய நிகோடின் ஏற்பிகளில் பாதி நிறைந்துவிடுவதையும், அது மூன்று மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதையும் பார்த்தார்கள். முழுச் சிகரெட் என்றால் கிட்டத்தட்ட 88 சதவீதம். சோதிக்கப்பட்டவர்கள் தொடர்ந்து புகைக்கிறவர்கள், விட்டுச் சறுக்கியவர்கள் அல்ல. இருந்தாலும் ‘ஒரு இழுப்புதானே’ என்பது மூளைக்குச் சின்ன விஷயம் இல்லை என்று தெரிகிறது. சறுக்கியவர்களில் பெரும்பாலோர் கடைசியில் முழுதாகத் திரும்பிவிடுகிறார்கள் என்றும், இரண்டாவது சிகரெட் பலருக்கு ஒருநாள் இடைவெளிக்குள்ளேயே வந்துவிடுகிறது என்றும் பல ஆய்வுகள் சொல்கின்றன. முதல் சிகரெட் சம்பவம் என்றால், இரண்டாவது முடிவு. அந்த முடிவை எடுக்கக் கையில் இருப்பது சில மணி நேரம்தான்.

அந்தச் சில மணி நேரம் நம் ஊரில் எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

மாலை நான்கரை மணி. அலுவலகத்தில் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு ஒருவர் டீக்கடைக்கு இறங்குகிறார். விட்டு இருபது நாள் ஆகிறது. கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே அவரைப் பார்க்கிறார். கேட்கவே வேண்டாம், பழைய பிராண்டுப் பாக்கெட்டிலிருந்து ஒன்று பாதி வெளியே வந்து நிற்கிறது. விரலும் பாக்கெட்டும் அப்படியே பழகிப்போனவை. பெரிய முடிவு எதுவும் எடுக்கத் தேவையில்லை. கையை நீட்டினால் போதும். மேற்கு நாடுகளில் சறுக்குகிறவர் ஒரு முழு பாக்கெட்டை விலை கொடுத்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் யாரிடமாவது கேட்டு நிற்க வேண்டும். இங்கே ஒற்றையாகக் கிடைக்கிறது. சறுக்கலின் விலை சில்லறைக் காசு. பாக்கெட்டின் 85 சதவீதத்தை அடைத்துக்கொண்டிருக்கும் எச்சரிக்கைப் படமும், 2018 செப்டம்பரிலிருந்து அதில் அச்சாகி வரும் 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணும் ஒற்றையாக வாங்குகிறவர் கண்ணில் படுவதே இல்லை. மகாராஷ்டிரம் 2020இல் ஒற்றை விற்பனையைத் தடை செய்தது. தடையைக் கடைக்குக் கடை போய் நடைமுறைப்படுத்துவது வேறு விஷயம். ஆனாலும் பொதுச் சுகாதாரத் துறையில் இருக்கிறவர்கள் இந்தச் சின்ன விஷயத்தை இவ்வளவு பிடிவாதமாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

அவர் பற்றவைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். தலை லேசாகச் சுற்றும், தொண்டை எரியும், நினைத்த அளவுக்கு ருசி இருக்காது. பாதியில் கீழே போட்டு மிதிக்கலாம். பாதி எஞ்சியிருக்கிறதே என்று முடிக்கவும் செய்யலாம். எப்படியானாலும் செய்ய வேண்டிய முதல் காரியம் அந்த இடத்தை விட்டுக் கிளம்புவது. ஆசையை எழுப்பிய எல்லாமும் அங்கேதான் இருக்கின்றன: வாசனை, பெஞ்ச், நண்பர், கயிறு. ஆசை அலை சில நிமிஷங்களில் தணியும். அந்த நிமிஷங்களை வேறு தெருவில் கழிப்பது சுலபம். ‘வாங்கியதுதான் வாங்கினோம், ராத்திரிக்கு ஒண்ணு’ என்று சட்டைப் பையில் போட்டுக்கொள்வதுதான் உண்மையான ஆபத்து. அது ராத்திரி நடக்கப்போகும் சறுக்கலுக்கு நாலரை மணிக்கே சீட்டு எடுப்பது.

இரண்டாவது, மருந்தை நிறுத்தக் கூடாது. நிகோடின் பட்டையோ சூயிங்கமோ பயன்படுத்துகிறவர்களில் பலர், ஒரு சிகரெட் பிடித்ததும் ‘இனி இது எதற்கு’ என்று அதைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். சிகரெட்டும் பட்டையும் சேர்ந்தால் மாரடைப்பு வரும் என்ற பயமும் பரவலாக இருக்கிறது. சறுக்கிய அன்று தவறுதலாக இரண்டும் சேர்ந்ததால் ஆரோக்கியமாக இருப்பவருக்குப் பெரிய ஆபத்து எதுவும் வந்துவிடாது. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் இந்த மருந்துகளை மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். 2006இல் ஷிஃப்மன் குழு 35 மில்லிகிராம் பட்டையையும் மருந்தில்லாத போலிப் பட்டையையும் ஒப்பிட்டது. பட்டையின் பலன் முதல் சறுக்கலைத் தடுப்பதில் இருந்ததைவிட, சறுக்கல் முழு வீழ்ச்சியாக மாறாமல் தடுப்பதில் பளிச்சென்று தெரிந்தது. குடையை மழை வந்ததும் மடக்குகிற ஆள் யாரும் கிடையாது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் உவமை ஏற்கெனவே ஒன்று சொல்லியாயிற்று.

சூயிங்கத்தைப் பற்றித் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே மருந்துக்கடையில் எளிதாகக் கிடைப்பது அதுதான், தவறாகப் பயன்படுவதும் அதுதான். மிட்டாய் மாதிரி தொடர்ந்து மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் மிஞ்சும். மெல்ல மெல்லக் காரமான சுவை எழும். அப்போது நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி சில தடவை மென்று, இந்த முறை அடுத்த பக்கம். இப்படி அரை மணி நேரம். நிகோடின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும். அதற்கு வாயில் அமிலத்தன்மை இருக்கக் கூடாது. காபியோ குளிர்பானமோ குடித்துக் கால் மணி நேரம் ஆகாமல் கம்மை வாயில் போட்டால், மருந்தில் பெரும்பகுதி வீண். ‘நானும் கம் போட்டுப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல’ என்று சொல்கிறவரிடம், எதைக் குடித்துக்கொண்டே போட்டார் என்று கேட்டால் பல சமயம் விடை கிடைத்துவிடும்.

காபி என்றதும் இன்னொன்று. இதைப் பல மருத்துவர்களே சொல்ல மறந்துவிடுகிறார்கள். புகையில் இருக்கும் சில வேதிப்பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன. கஃபீனைச் சிதைப்பதும் அதே நொதிதான். அதனால் புகைக்கிறவர் உடம்பில் கஃபீன் சீக்கிரம் காலியாகும். ஆறு டீ குடித்தாலும் தாங்குவார். சிகரெட்டை விட்ட சில நாள்களில் நொதி பழைய நிலைக்கு இறங்கிவிடும், ஆனால் டீ ஆறாகவே இருக்கும். ரத்தத்தில் கஃபீன் அளவு இரு மடங்கு வரை ஏறும். கை நடுங்கும், படபடக்கும், ராத்திரி மூன்று மணி வரை கண் மூடாது. அவர் இதைச் சிகரெட் இல்லாத தவிப்பு என்று நினைத்துக்கொள்வார். சறுக்கியவர்கள் அடுத்த முயற்சியில் டீ, காபியைப் பாதியாக்கிப் பார்க்கலாம். டீக்கடைப் பக்கம் போகிற தடவையும் குறையும்.

அடுத்தது வீடு. வாயில் ஹால்ஸ் போட்டுக்கொண்டு, சட்டைக் காலரை முகர்ந்து பார்த்துவிட்டு அவர் வீட்டுக்குள் நுழைகிறார். இதில் யாரும் ஏமாறுவதில்லை.

“மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா? எனக்கு அப்பவே தெரியும்.”

சொல்கிறவருக்கு அது ஏமாற்றம், ஆதங்கம். அவர் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்ற மூன்று சொல்லும் சரியாக எதைச் சரிக்கக் கூடாதோ அதைச் சரிக்கின்றன. இவரால் முடியும் என்று நம்பியிருந்த ஒரே ஆளும் நம்பவில்லை என்றால், இவர் ஏன் நம்ப வேண்டும்? புகை விடுவிப்பு ஆலோசகர்கள் வேறு கேள்வி கேட்பார்கள். எங்கே வைத்துப் பிடித்தீர்கள்? கூட யார்? அதற்கு அரை மணி முன்னால் என்ன நடந்தது? எத்தனை பிடித்தீர்கள், அதற்கப்புறம் பிடிக்காமல் எத்தனை மணி நேரம் ஆகிறது? இது போலீஸ் விசாரணை தொனியில் வராமல் இருந்தால், வீட்டில் இருப்பவர்களும் கேட்கலாம். பதிலில் அடுத்த சறுக்கலின் முகவரி இருக்கும்: மேலதிகாரி, நாலரை மணி, அந்தக் கடை. நாளை நாலரைக்கு இறங்கும் கடையை மாற்றிக்கொள்ள மன உறுதி தேவைப்படாது.

சொல்லிக்கொள்ள யாரும் இல்லாதவர்களுக்கு மேலே சொன்ன இலவச எண் இருக்கிறது. 2016இல் டெல்லியில் வல்லபாய் படேல் மார்பு மருத்துவ நிலையத்தில் தொடங்கிய இந்தச் சேவை, 2018இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் உள்ளிட்ட மையங்களுக்கு விரிந்தது. தமிழிலும் பேசலாம். ஒருமுறை பேசிவிட்டு முடித்துக்கொள்கிற சேவை அல்ல. ஆலோசகர்கள் பிறகும் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 2002 முதலே புகையிலை விடுவிப்பு மருத்துவமனை நடக்கிறது.

சறுக்கலைச் சமாளிக்க மக்களே கண்டுபிடித்த வழிகளில் சில மோசமானவை. பீடிக்கு மாறுவது அதில் முதலிடம். பீடி தானாக அணைந்துவிடும் என்பதால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். எனவே புகை குறையாது. சிகரெட்டை விட்டுவிட்டு ஹான்ஸ், குட்கா பக்கம் போவது நோயின் இடத்தை நுரையீரலிலிருந்து வாய்க்கு மாற்றுவது. ‘ஒரு நாளைக்கு ஒண்ணு மட்டும்’ என்ற உடன்படிக்கை சறுக்கியவருக்கு வெகு கவர்ச்சியாகத் தெரியும். அதைக் காப்பாற்றுகிற மனிதர்கள் உண்டு, மிகக் குறைவு. மற்றவர்கள் விமானப் பணியாளர்கள் இறங்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி நாள் முழுக்க அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நீண்ட நாள் கழித்து விழுகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓராண்டு புகைக்காமல் இருந்தவர்களிலும் அதற்குப் பிறகு ஆண்டுக்குச் சுமார் பத்துச் சதவீதம் பேர் திரும்பிவிடுகிறார்கள் என்று ஹியூஸ் குழு 2008இல் கணக்கிட்டது. அவர்களுக்கு ஏற்பிகள் எப்போதோ இறங்கிவிட்டன. பெரும்பாலும் ஒரு சாவு வீட்டின் விடிகாலையிலோ, கல்யாண வீட்டு மொட்டை மாடியிலோ நடக்கிறது அது. இவ்வளவு நாள் இருந்தாயிற்றே, இனி நம்மை என்ன செய்யும் என்ற தைரியத்தில் வாங்குகிற சிகரெட். இப்படி விழுந்தவர் வெட்கத்தில் யாரிடமும் சொல்வதில்லை. சொல்லாததால் உதவியும் வருவதில்லை.

சில பேருக்குச் சறுக்கல் வீழ்ச்சியாகவே முடிந்துவிடும். ஒரு மாதத்துக்குள் பழைய பத்துப் பதினைந்துக்குப் போய்விடுவார்கள். அவர்கள் மறுபடி மருத்துவரிடம் போகத் தயங்க ஒரு காரணம், ‘போன தடவை அதே மாத்திரைதான், வேலை செய்யலியே’ என்பது. வரெனிக்ளின் என்ற மாத்திரையில் இதை நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். நிகோடின் ஏற்பிகளில் பாதி வேகத்தில் வேலை செய்து, சிகரெட் பிடித்தாலும் அதில் பெரிய சுகம் கிடைக்காமல் செய்கிற மருந்து அது. முன்பு அதை ஒருமுறை சாப்பிட்டும் புகையை விட முடியாதவர்களை, விட்டு மறுபடி திரும்பியவர்களை மட்டுமே பொறுக்கி எடுத்தார்கள். பாதிப் பேருக்கு அதே மாத்திரை, பாதிப் பேருக்குப் போலி மாத்திரை. 2014இல் முடிவு வந்தது. பன்னிரண்டு வாரச் சிகிச்சையின் கடைசி நான்கு வாரங்கள் ஒரு சிகரெட்டும் பிடிக்காதவர்கள் மருந்துக் குழுவில் 45 சதவீதம், போலிக் குழுவில் 12க்கும் சற்றுக் குறைவு. அங்கிருந்து ஓராண்டு முடியும்வரை தொடர்ந்து தாக்குப்பிடித்தவர்கள் 20 சதவீதம், மற்றதில் 3. அதே மாத்திரை, அதே ஆட்கள், இரண்டாம் தடவை. மீதி எண்பது பேர் மருத்துவரிடம் மூன்றாவது தடவையாகப் போய் நின்றாலும், அவர் மறுபடி சீட்டு எழுதத் தடையாக இந்த முடிவுகளில் ஒன்றும் இல்லை.